தீரா நோயாளரின் தாதி

நோயைத் தீர்க்கும் வைத்தியரை உலகம் போற்றுகிறது. தீராத நோயாளியின் அருகில் இரவும் பகலும் இருந்து பணிவிடை செய்யும் தாதியை அது பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வைத்தியம் கைவிட்ட பின்னர் நோயாளிக்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது எவ்வளவு பெரும் பிழை என்பதைத் தம் வாழ்க்கையினாலேயே நிரூபித்துக் காட்டியவர் ரோஸ் ஹாதார்ன் அம்மையார். பொதுப்பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்னின் இளைய குமாரியாக அம்மையார் 1851-ம் வருஷம் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் பிறந்தார். இளமையில் தந்தையுடன் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் வசித்தார். 1871-ல் ஜார்ஜ் லாத்ராப் என்ற எழுத்தாளரை மணந்தார். தாமும் கதைகளும் கவிதைகளும் எழுதினார். கல்வியும் குடிப்பெருமையும் இருந்தும் துன்பம் அவரை விடவில்லை. 1881-ல் அவருடைய ஒரே புதல்வன் தொண்டை அடைப்பான் நோயினால் நான்கு வயதில் மாண்டான். பின்னர் இல்வாழ்க்கையும் முறிந்து, கணவரைப் பிரிந்து வாழ நேர்ந்தது.

அவருடைய தோழியான கவி எம்மா லாஸரஸ் 1887-ல் புற்றுநோயால் இறந்தார். செல்வக் குடும்பத்திற் பிறந்த அவருக்குக் கவனிப்பில் குறை இருக்கவில்லை. பின்னொரு சமயம், அதே நோய் கண்ட ஓர் ஏழைத் தையற்காரியைப் பற்றி அம்மையார் கேள்வியுற்றார். கையிலிருந்த பணம் தீர்ந்ததும் அவள் நியூயார்க் நகரத்து ஏழைகளைத் தள்ளிவிடும் ப்ளாக்வெல் தீவுக்கு அனுப்பப்பட்டாளாம். நோய் ஒன்றே, சாவும் ஒன்றே. பொருளுடையார் அன்பினிடையே கண் மூடினர். பொருளற்றோர் அநாதைகளாய் மடிந்தனர். இந்த அநீதி அம்மையாரின் உள்ளத்தை அறுத்தது.

அக்காலத்தில் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் என்ற பயம் ஜனங்களிடையே பரவியிருந்தது. குணமாகாது என்று கண்ட ஏழை நோயாளிகளை ஆஸ்பத்திரிகள் வைத்துக்கொள்வதில்லை. உற்றாரும் அவர்களை நெருங்க அஞ்சினர். அம்மையார் இதைக் கண்டு இரங்குவதோடு நின்றுவிடவில்லை. 1896-ல், தமது நாற்பத்தைந்தாம் வயதில், நியூயார்க் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் தாதித் தொழில் பயின்றார். கருணை மட்டும் போதாது, கைக்குப் பயிற்சியும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பயிற்சி முடிந்ததும், ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் சில அறைகளை வாடகைக்கு எடுத்து அங்கேயே குடியேறினார். வீடு வீடாகச் சென்று புண்களைக் கழுவிக் கட்டினார். போக்கிடமற்றோரைத் தம் இருப்பிடத்திற்கே அழைத்து வந்தார். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிப் பொதுமக்களிடம் உதவி கோரினார். ஆலிஸ் ஹியூபர் என்ற ஓவியர் துணையாக வந்து சேர்ந்தார். 1899-ல் செர்ரி தெருவில் இலவச விடுதி ஒன்று ஏற்பட்டது. 1900-ல் இருவரும் கத்தோலிக்கத் துறவியராயினர். அடுத்த வருஷம் நகருக்கு வெளியே ரோஸரி ஹில் இல்லம் தொடங்கிற்று.

அவர் வகுத்த விதிகள் கடுமையானவை. நோயாளியிடமோ அவருடைய குடும்பத்தாரிடமோ ஒரு காசும் பெறலாகாது. எம்மதத்தினரையும் ஏற்க வேண்டும். புண்ணைக் கண்டு அருவருப்புக் காட்டலாகாது. நோயாளியைப் பரிசோதனைப் பொருளாக்கவும் கூடாது. இவ்விதிகளின்படியே உழைத்து, 1926-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி, எழுபத்தைந்தாம் வயதில் அம்மையார் காலமானார். அவர் நிறுவிய துறவியர் சபை இன்றும் அத்தொண்டை ஆற்றி வருகிறது.

புண்ணைக் கழுவுவதால் நோய் தீருமோ என்று சிலர் கேட்கலாம். தீராது என்பதை அம்மையார் நன்கறிவார். ஆயினும் நோய் தீராமை வேறு, நோயாளி கைவிடப்படுதல் வேறு. முன்னதைத் தடுக்க அன்று எவராலும் இயலவில்லை. பின்னதைத் தடுக்க, பயிற்சி பெற்ற ஒரு தாதி முன்வந்தது போதுமாயிருந்தது.

இன்று கடும் வலியைத் தணிக்க மார்பின் முதலிய மருந்துகள் உண்டு. ஆனால் அவை எளியோரை எட்டுவதில்லை. ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு வலி தணிக்கும் பராமரிப்புத் தேவையென்றும், தேவையுள்ளோரில் நூற்றுக்குப் பதினான்கு பேரே அதைப் பெறுகின்றனர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. டாக்டர்கள் அரிதான உகாண்டா தேசத்தில், இத்துறையில் தனிப்பயிற்சி பெற்ற தாதியரும் மார்பின் எழுதிக் கொடுக்கலாம் என 2004-ல் சட்டம் திருத்தப்பட்டது. தாதியரை நம்பி அதிகாரம் அளித்தால் கிராமத்துக் குடிசைக்கும் நிவாரணம் செல்லும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிடங்கள் வேண்டுமென்று கிளர்ச்சி செய்வோர் நம்மிடையே பலர் உளர். வீடு தேடிச் செல்லும் தாதியருக்குப் பயிற்சியும் ஊதியமும் அதிகாரமும் வேண்டுமென்று கேட்போர் மிகச் சிலரே. மரணத் தறுவாயிலுள்ள ஏழைக்கு வாக்குச் சாவடிக்கு வரவும் வலுவில்லை. ஊர்வலத்தில் நடக்கவும் வலுவில்லை. ஆகவே அவனுக்காகக் குரல் கொடுப்பது பொதுஜன ஊழியர்களின் தலையாய கடமை என்பதை நாம் வற்புறுத்துகிறோம்.