நம்பிக்கைக்கு உரியவர் சுவாமி சகஜானந்தர்

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், 27.1.1890 அன்று எளிய ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்தவர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் பயின்றார். மதம் மாற அவர் உள்ளம் ஒப்பவில்லை. அதனால் அப்பள்ளியை விட்டு நீங்கினார். பின்னர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளின் சீடராகி, சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார்.

1910இல் சிதம்பரம் சென்ற அடிகளார், 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, 25 மாணவருடன் பள்ளியைத் தொடங்கினார். அந்நாளில் பண்ணையாள் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்புவது, அவன் மாடு மேய்த்து ஈட்டும் கூலியை இழப்பதாகும். பண்ணையாரின் சினத்திற்கு ஆளாவதுமாகும். அத்தகைய பெற்றோர் ஒரு துறவியின் சொல்லை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்தனர். 1926 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, அவர் சட்டமன்ற உறுப்பினராகத் தொண்டாற்றினார். பதவி வந்த பின்னும் பள்ளியை மறந்தாரல்லர். 1.5.1959 அன்று மறையும்வரை, 43 ஆண்டுகள் அதனைப் பேணினார்.

நாணயம் என்பது பணக் கணக்கில் பிழையின்மை மட்டுமன்று. நம்மை நம்பியவர் எதனை இழந்து நம்பினார் என்பதை உணர்ந்து, ஒரு நாள் கொடுத்த சொல்லை ஒவ்வொரு நாளும் காப்பதே நாணயம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தை நம்பியும் ஒரு தாய் தன் மகளின் கையை நம்மிடம் ஒப்படைக்கிறாள். அந்தக் கையை இடைவழியில் விடாதிருப்போமாக!