தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

மானிப்பாய்ப் பக்கம் போனவர்கள் அங்குள்ள பழைய வைத்தியசாலை ஒன்றைக் கண்டிருப்பார்கள். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்பது அதன் பெயர். அந்தப் பெயருக்குரியவர் ஓர் அமெரிக்கர். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தமிழ் கற்று, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தவர். எங்கள் புத்தூரிலிருந்து மானிப்பாய் அதிக தூரமில்லை. ஆயினும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் அவரைப் பற்றி அறியவேண்டும் என்ற ஆவல் எனக்கு ஏற்பட்டது. வைத்தியசாலையில் வேலை செய்பவருக்குத் தெரியவேண்டியது தெரிந்திருந்தால்தான் நோயாளி பாதுகாப்பாக இருப்பார் என்ற உண்மையை அவருடைய வாழ்க்கை எனக்கு விளக்கியது. அதனையே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. அண்ணன் அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் வளர்ச்சிக்குப் பெரும் பங்காற்றியவர். வசதியும் செல்வாக்கும் கொண்ட அந்தக் குடும்பத்தில் பிறந்த சாமுவேல், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் வைத்தியரானார். அந்நகரிலேயே இருந்து பொருளீட்டியிருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷனில் சேர்ந்து 1847இல் கப்பலேறினார். அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண மண்ணில் கால் வைத்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் மிஷன் வைத்தியர் அவரல்லர். 1820 முதல் டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் பணியாற்றியிருந்தார்; அவருக்குப் பின் டாக்டர் நேதன் வார்டும் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியிருந்தார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு மாறி அங்கே மருந்தகம் ஒன்றை நடத்தினார். தூர ஊர்களிலிருந்தும் நோயாளர் அங்கு வந்தனர். காய்ச்சல், கண்நோய், புண், கட்டி, பாம்புக்கடி, பிரசவச் சிக்கல் எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கவேண்டியிருந்தது. இத்தனை பேருக்கு ஒரு வைத்தியர் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். அதனால் 1848 முதல் உள்ளூர் இளைஞரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கலானார். இலங்கையில் மேலைநாட்டு வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்ட ஆரம்ப இடங்களில் மானிப்பாயும் ஒன்று. கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல்தான்.

கிறீன் இங்கு வந்த அதே 1847இல் ஐரோப்பாவில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே குறிப்பிடவேண்டும். வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் பணியாற்றினார். அங்கே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. வைத்திய மாணவர்கள் பணிபுரிந்த விடுதியில், மருத்துவமாதர் பணிபுரிந்த விடுதியைவிட மிக அதிகமான தாய்மார் காய்ச்சலால் இறந்தனர். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையுடன் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டறிந்தார். குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த உண்மை பரவவில்லை. அவர் அதனை நூலாக எழுதி வெளியிட்டது 1861இல்தான். மூத்த வைத்தியர் பலர் அவரை ஏற்கவில்லை. தமது வேலையையும் இழந்து அவர் 1865இல் துன்பத்தில் இறந்தார். கண்டுபிடித்த உண்மை, விடுதியில் நிற்பவரின் காதுக்கும் கைக்கும் போய்ச் சேராவிட்டால் அதனால் உயிர் காக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கிறீன் பெரிய கண்டுபிடிப்பு எதனையும் செய்தவரல்லர். பிறர் கண்ட உண்மைகளை வேலை செய்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தாலும், வந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தமிழில் முதல் நூலைக் கொண்டுவந்துவிட்டார். கல்வின் கட்டர் என்பவரின் ஆங்கிலப் பாடநூலைத் தழுவி 1852இல் வெளிவந்த அந்நூலின் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். பெயர் இன்று நமக்குக் கடினமாகத் தோன்றும். அங்காதிபாதம் என்பது உடலமைப்பு. சுகரணவாதம் என்பது உடற்றொழில். உற்பாலனம் என்பது உடல்நலம் பேணல். மருந்தையும் சத்திரசிகிச்சையையும் பற்றி எழுதுவதற்கு முன்னர் உடலையும் அதைப் பேணும் முறையையும் தமிழில் சொல்ல அவர் முற்பட்டமை கவனிக்கத்தக்கது. 1857இல் அந்நூலின் இரண்டாம் பதிப்பும், பிரசவ வைத்தியம் என்ற நூலும் வெளிவந்தன. வியன்னாவில் தாய்மார் இறந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, பிரசவம் பார்ப்பவருக்குரிய அறிவு தமிழில் அச்சேறியது.

1850இல் யாழ்ப்பாண நகரில் நட்பு நிதிய சங்கத்தின் வைத்தியசாலை ஆரம்பமானது. அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் முயற்சியால் உருவான அதற்குக் கிறீன் துணைநின்றார். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. வாந்திபேதி குடாநாட்டை வாட்டிய காலம் அது. கிறீனிடம் படித்தவர்கள் ஊர்களில் இருந்ததனால்தான் மருந்தும் அறிவுரையும் அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்த பின் அவர் தாயகம் சென்றார். 1862இல் மார்கிரட் வில்லியம்ஸ் என்ற பெண்மணியை மணந்து, அவ்வாண்டே மனைவியுடன் திரும்பி வந்தார். இம்முறை ஒரு முக்கியமான முடிவுடன் வந்தார். வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழில் நடத்துவது என்பதே அது. 1864இல் தமிழ்மொழிமூல வகுப்பு தொடங்கியது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். தமிழில் படிப்பவர்கள் தமது ஊரிலே தங்கித் தமது மக்களுக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்று அவர் நம்பினார். நோயாளியிடம் கேட்கும் கேள்வியும், படித்த பாடமும், மருந்துச் சிட்டையின் விளக்கமும் ஒரே மொழியில் இருந்தால் தவறு குறையும் என்பது நமக்கும் விளங்கக்கூடியதே.

அந்த முடிவு இலகுவானதன்று. ஆயிரக்கணக்கான மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடவேண்டும். அதற்கு அவர் ஒழுங்கொன்றை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. இல்லையெனில் வடமொழியை நாடுவது. அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்ப எழுதுவது. இரசாயனவியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தது இந்த மூன்றாம் வழியில்தான். எது அழகு என்பதைவிட எது விளங்கும் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. சேர்த்த சொற்களைச் சொற்றொகுதிகளாகவும் வெளியிட்டார். அவரிடம் படித்த தமிழ் மாணவர்களே மொழிபெயர்ப்பில் அவருக்குக் கைகொடுத்தனர். 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என்று நூல்கள் தொடர்ந்தன. மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும். பயிற்றுவித்த வைத்தியர்கள் 60 பேருக்கு மேல்.

இதைப் படித்தபோது எனக்கு இஸ்லாமிய வரலாற்றில் நாம் படிக்கும் பக்தாத் நகரம் நினைவுக்கு வந்தது. அப்பாஸியக் கலீபாக்களின் காலத்தில் அங்கே வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற அறிஞர், கிரேக்க வைத்தியரான கலேனின் நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்தார். பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, சொல்லுக்குச் சொல் வைக்காமல் கருத்து விளங்க மொழிபெயர்த்தார். அவர் ஒரு கிறிஸ்தவர். ஆதரித்தவர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்கள். அந்த அத்திவாரத்தின் மேல்தான் அர்-ராஸியும் இப்னு ஸீனாவும் எழுந்தார்கள். கிறீனும் தமது மதத்தைப் பரப்பும் நோக்கத்துடன் வந்தவரே. அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தம்மிடம் வந்தவர்கள் உடையிலும் நடையிலும் மேல்நாட்டாராக மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். நன்மை தரும் அறிவு எவரிடமிருந்து வந்தாலும் அதனைப் பெற்றுக்கொள்வது நமது மரபு.

1873இல் உடல்நலம் குன்றிய கிறீன் இலங்கையை விட்டுச் சென்றார். வூஸ்டரிலிருந்த வீட்டிலும் தமிழ் நூல் வேலையை நிறுத்தவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கடல் கடந்து போய்வந்தன. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி அவர் காலமானார். தமிழருக்குச் செய்த மருத்துவ ஊழியத்தையே தமது கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது.

அவர் போன பின்னர் தமிழ்மொழிமூல வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. ஆங்கிலமே வைத்தியத்தின் மொழியாகியது. அவருடைய நூல்களும் பழையவையாயின. இரண வைத்தியம் வெளிவந்த 1867இல்தான் ஜோசப் லிஸ்டர் கிருமிகொல்லி முறையை உலகுக்கு அறிவித்தார். ஆகவே நோய்க்கிருமி பற்றி இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தவைகூட அந்நூல்களில் இருக்க இடமில்லை. இது கிறீனின் குறையன்று. ஒருமுறை சொல்லிவிட்டால் போதாது, அறிவு புதிதாகும்போதெல்லாம் பணியாளரிடம் மீண்டும் மீண்டும் சொல்லவேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இன்று இந்தப் பணியின் தேவை குறைந்துவிட்டதா? வைத்தியசாலைச் சிகிச்சை பெறுபவரில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அச்சிகிச்சையின்போதே ஏதோ ஒரு பாதிப்புக்கு உள்ளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனாலேயே 2019 முதல் செப்டெம்பர் 17ஆம் திகதி உலக நோயாளர் பாதுகாப்பு தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. நோயாளரைப் போலவே பணியாளருக்கும் ஆபத்து உண்டு. பாவித்த ஊசி கையில் குத்தினால் என்ன செய்வது, எந்தக் கழிவை எந்த நிறப் பையில் போடுவது, கிருமிநீக்கித் திரவத்தை எவ்வளவு நீரில் கலப்பது என்பவை விடுதியைக் கூட்டித் துடைப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எனது சாச்சி ஒரு வைத்தியசாலையில் சிற்றூழியராக வேலை செய்கிறார். ஒருநாள் அவர் மடித்துக் கொண்டுவந்த தாளை என்னிடம் தந்து வாசித்துச் சொல்லச் சொன்னார். துப்புரவுத் திரவங்களைப் பற்றிய அறிவுறுத்தல் அது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று எல்லோரிடமும் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். சாச்சியும் வைத்திருந்தார். குளோரின் திரவத்தை அமிலம் சேர்ந்த துப்புரவுத் திரவத்துடன் ஒருபோதும் கலக்கக்கூடாது என்பது அதிலிருந்த வரிகளில் ஒன்று. கலந்தால் நச்சுவாயு எழும். கழிவறையைக் கழுவுபவர் அறியவேண்டிய இந்த வரி, அவரால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. நான் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது சில சொற்களுக்குத் தமிழ் தெரியாமல் உயிரியல், இரசாயனவியல் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு தாளுக்கே இவ்வளவு பாடென்றால் நாலாயிரம் பக்கங்களுக்குக் கிறீன் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். சாச்சி அந்தத் தாளை மறுநாள் தம்முடன் வேலை செய்யும் பெண்களுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர்களில் இருவர் அதுவரை இரண்டு திரவங்களையும் ஒரே வாளியில் ஊற்றி வந்தவர்களாம்.

இலங்கையில் சிங்களத்துடன் தமிழும் அரசகரும மொழி. எனவே இது சலுகை கேட்கும் விடயமன்று. கையொப்பம் வாங்குவது நிர்வாகத்தைப் பாதுகாக்கும். விளங்கச் சொல்வதே பணியாளரையும் நோயாளியையும் பாதுகாக்கும். விளங்கியதா என்று திருப்பிக் கேட்பதும், விளங்காதவர் அஞ்சாமல் கேள்வி கேட்க இடமளிப்பதும் அதனுடன் சேரவேண்டும்.

என்னுடன் படிக்கும் தோழியரில் பலர் வைத்தியராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் வர ஆசைப்படுகிறார்கள். நாம் ஆங்கிலம் நன்கு கற்கத்தான் வேண்டும். ஆனால் கற்றதை நம் தாய்மாருக்கும் சாச்சிமாருக்கும் விளங்கும் தமிழில் சொல்லும் திறமையையும் இப்போதே வளர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோரும், பிள்ளை விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள், இனித் தமிழ் எதற்கு என்று எண்ணக்கூடாது. கடல் கடந்து வந்த அந்நியர் ஒருவர் நமது மொழியைக் கற்று அதில் உயிர்காக்கும் அறிவை எழுதிவைத்தார். அந்த மொழியிலேயே பிறந்த நாம் அப்பணியைத் தொடர்வதே அவருக்குச் செய்யும் சரியான நன்றியாகும்.