மாரியோ ஃபில்யோ

மாரியோ ரொட்ரிகஸ் ஃபில்யோ (ஜூன் 3, 1908 – செப்டம்பர் 17, 1966) பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற விளையாட்டு இதழியலாளரும் எழுத்தாளரும் ஆவார். ரியோ டி ஜெனிரோ நகரின் மரக்கானா விளையாட்டரங்கம் இன்றுள்ள இடத்தில் அமைய வேண்டும் என வாதிட்டவர்களுள் இவர் முதன்மையானவர். அவ்வரங்கின் அதிகாரப்பூர்வப் பெயர் இதழியலாளர் மாரியோ ஃபில்யோ விளையாட்டரங்கம் என்பதாகும். எனினும், அருகே ஓடும் சிற்றாற்றின் பெயரால் மரக்கானா என்றே அது உலகெங்கும் அறியப்படுகிறது.

இளமை

இவர் பிரேசிலின் வடகிழக்கில், பெர்னம்புகோ மாநிலத்தின் தலைநகரான ரெசிஃபேயில் பிறந்தார். தந்தை மாரியோ ரொட்ரிகஸ் ஒரு பத்திரிகையாளர். போர்த்துக்கேய மொழியில் ஃபில்யோ என்பது மகன் எனப் பொருள்படும். தந்தையின் பெயரையே கொண்டவர்கள் இச்சொல்லைத் தம் பெயருடன் சேர்த்துக்கொள்வது வழக்கம். நாடகாசிரியர் நெல்சன் ரொட்ரிகஸ் இவருடைய தம்பி ஆவார். 1916இல் குடும்பம் அன்றைய தலைநகரான ரியோவிற்குக் குடிபெயர்ந்தது.

1926இல் தந்தை நடத்திய நாளிதழில் பணியில் சேர்ந்து, விளையாட்டுச் செய்திகளை எழுதத் தொடங்கினார். 1929 டிசம்பரில், தம்மைப் பற்றி வெளிவந்த செய்தியால் சினமுற்ற ஒரு பெண் பத்திரிகை அலுவலகத்திற்கு வந்து, தந்தை அங்கு இல்லாததால், மாரியோவின் உடன்பிறந்தவரான ஓவியர் ரொபெர்ட்டோவைச் சுட்டுக் கொன்றார். இத்துயரிலிருந்து மீளாத தந்தை 1930இல் காலமானார். அதே ஆண்டின் அரசியல் புரட்சியின்போது அலுவலகம் சூறையாடப்பட்டு, பத்திரிகையும் நின்றுபோனது.

இதழியல் பணி

1931இல் விளையாட்டிற்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். அது நீண்டகாலம் வெளிவரவில்லை. எனினும் ரியோவின் சம்பா பள்ளிகளுக்கிடையே முதல் அணிவகுப்புப் போட்டியை 1932இல் நடத்தியது அவ்விதழே. 1936இல் ஜோர்னல் டோஸ் ஸ்போர்ட்ஸ் என்னும் நாளிதழை வாங்கி, இறக்கும்வரை அதனை நடத்தினார்.

அக்காலத்து விளையாட்டுச் செய்திகள் பெரும்பாலும் அணிப் பட்டியல்களாகவும் ஆங்கிலச் சொற்கள் நிறைந்த குறிப்புகளாகவும் இருந்தன. மாரியோ பேச்சுவழக்கிற்கு நெருக்கமான நடையில் எழுதினார். ஆட்டக்காரர்களைச் சந்தித்து அவர்களது வாழ்க்கையையும் செய்தியாக்கினார். ஃபிளமெங்கோ, ஃபுளூமினென்சே ஆகிய கழகங்களுக்கிடையேயான ஆட்டத்தைக் குறிக்கும் ஃபிளா-ஃபுளூ என்னும் சொல்லைப் பரப்பியவரும் இவரே.

விளையாட்டரங்கம்

1950 உலகக்கோப்பையை நடத்தும் உரிமையை பிரேசில் 1946இல் பெற்றது. புதிய அரங்கை எங்கே கட்டுவது என்பது பெரும் சர்ச்சையானது. நகரவை உறுப்பினர் கார்லோஸ் லாசெர்டா செலவைக் கண்டித்ததோடு, அரங்கம் நகரின் மேற்கே தொலைவிலுள்ள ஜகரெபகுவாவில் அமைய வேண்டும் என்றார். மாரியோ தம் நாளிதழின் வழியாக இதனைத் தொடர்ந்து எதிர்த்தார். எல்லாப் பகுதி மக்களும் எளிதில் வந்துசேரக்கூடிய மரக்கானா பகுதியே, அங்கிருந்த பழைய குதிரைப் பந்தயத் திடலே, ஏற்றது என்பது அவரது வாதம். முடிவில் அதுவே ஏற்கப்பட்டது.

1948 ஆகஸ்ட்டில் கட்டுமானம் தொடங்கியது. 1950 ஜூன் 16 அன்று அரங்கம் திறக்கப்பட்டபோதும் பணிகள் முற்றுப்பெறவில்லை. ஒரு மாதம் கழித்து, ஜூலை 16 அன்று உலகக்கோப்பையின் இறுதி ஆட்டத்தில் உருகுவே 2–1 என்ற கணக்கில் பிரேசிலை வென்றது. சீட்டு வாங்கி நுழைந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். ஆடுகளத்தைச் சுற்றி, மிகக் குறைந்த கட்டணத்தில் நின்றபடி ஆட்டம் காண்பதற்கு ஜெரால் என்னும் பகுதி இருந்தது. ஏழை மக்கள் கூடிய இப்பகுதி 2005இல் அகற்றப்பட்டது.

நூல்

1947இல் வெளிவந்த பிரேசிலியக் காற்பந்தில் கறுப்பர் என்னும் நூல் இவருடைய முதன்மைப் படைப்பாகக் கருதப்படுகிறது. சமூகவியலாளர் ஜில்பெர்ட்டோ ஃபிரெய்ரே இதற்கு முன்னுரை எழுதினார். செல்வந்த வெள்ளையரின் கழகங்களில் தொடங்கிய காற்பந்து, கறுப்பின, ஏழை ஆட்டக்காரர்களுக்கு எவ்வாறு மெல்லத் திறந்தது என்பதை இது விவரிக்கிறது. அத்தகைய ஆட்டக்காரர்களைக் கொண்டு வாஸ்கோ ட காமா கழகம் 1923இல் ரியோ வாகையர் பட்டம் வென்றதும், அடுத்த ஆண்டே பெரிய கழகங்கள் அதனை விலக்கித் தனிச் சங்கம் அமைத்ததும் இதில் இடம்பெறுகின்றன.

1950இன் தோல்விக்கான பழி, இலக்குக் காவலர் பர்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜுவெனல் ஆகிய கறுப்பின வீரர்கள் மீதே சுமத்தப்பட்டது. 1964இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மாரியோ இதனையும், பெலே, கரிஞ்சா ஆகியோரின் எழுச்சியையும் சேர்த்து எழுதினார். தாம் வாதாடிப் பெற்ற அரங்கிலேயே நிகழ்ந்த இவ்வநீதியை அவர் பதிவு செய்தது குறிப்பிடத்தக்கது.

மறைவும் பெயரும்

மாரியோ 1966 செப்டம்பர் 17 அன்று மாரடைப்பால் தமது 58ஆவது வயதில் காலமானார். அதன் பின்னரே அரங்கிற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2014 உலகக்கோப்பையின் இறுதி ஆட்டமும், 2016 ஒலிம்பிக்கின் தொடக்க விழாவும் இங்கு நடைபெற்றன. 2021 மார்ச்சில் மாநிலச் சட்டமன்றம் அரங்கிற்குப் பெலேயின் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது. மாரியோவின் குடும்பத்தினர் உள்ளிட்ட பலர் எதிர்த்ததை அடுத்து, மாநில ஆளுநர் அம்முடிவுக்கு ஒப்புதல் அளிக்கவில்லை. எனவே பழைய பெயரே நீடித்தது.