சுறாவின் வாயைத் திறந்தவர், பாறைகளைப் படிக்கக் கற்றுத் தந்தவர்: யார் இந்த நிக்கோலஸ் ஸ்டீனோ?

1666, அக்டோபர் மாதம். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு அருகே கடலில் ஒரு ராட்சதச் சுறா பிடிபட்டது. தகவல் டஸ்கனியை ஆண்ட இரண்டாம் ஃபெர்டினாண்டோவுக்குப் போனது. தலையை வெட்டி ஃபுளோரன்ஸ் நகருக்குக் கொண்டுவரச் சொன்னார். அதை அறுத்து ஆராயும் வேலை, அந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்த 28 வயது டென்மார்க்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர்தான் நிக்கோலஸ் ஸ்டீனோ. சொந்த ஊரில் நீல்ஸ் ஸ்டென்சன். 2012-ல் கூகுள் அவருடைய பிறந்தநாளுக்கு டூடுல் போட்டபோது, மண் அடுக்குகளையும் அவற்றில் புதைந்த உயிரினங்களையும்தான் வரைந்திருந்தது. புவியியலை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. அந்தப் பெயருக்கு வழிபோட்டது இந்தச் சுறாத் தலை.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை

1638 ஜனவரியில் கோபன்ஹேகனில் பிறந்தார் ஸ்டீனோ. அப்பா பொற்கொல்லர், மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பள்ளிக் காலத்தில் ஊரையே கொள்ளைநோய் சூறையாடியது. கல்லூரிக்குப் போனால், ஸ்வீடன் படை நகரை முற்றுகையிட்டது. இத்தனைக்கும் நடுவில் படித்ததையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்தார். அந்த நோட்டுக்கு அவர் வைத்த பெயர், குழப்பம் என்று பொருள்படும் ‘கேயாஸ்’.

1660-ல் ஆம்ஸ்டர்டாம் போனார். ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது, காதுக்குக் கீழே உள்ள சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீர் வரும் குழாயைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் பிளாசியஸோ, அது தன் கண்டுபிடிப்பு என்றார். பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் மருத்துவ உலகம் அந்தக் குழாய்க்கு ஸ்டீனோவின் பெயரையே வைத்தது.

அடுத்து லெய்டன். இதயத்தை உயிர்ச்சூட்டின் உறைவிடமாகப் பலர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அது ஒரு தசை, அவ்வளவுதான் என்று காட்டினார். ஆக, சுறாத் தலை மேஜைக்கு வந்தபோது ஸ்டீனோ கத்துக்குட்டி இல்லை. ஐரோப்பாவின் கைதேர்ந்த உடற்கூறியலாளர்களில் ஒருவர்.

பல்லா, நாக்கா, கல்லா?

சுறாவின் தோலில் இருந்த நுண்துளைகளையும், அவ்வளவு பெரிய உடலுக்குள் இருந்த சின்ன மூளையையும் ஸ்டீனோ குறித்துவைத்தார். ஆனால் அவரை அதிகம் யோசிக்க வைத்தவை பற்கள்தான். வரிசை வரிசையாக இருந்த அந்தப் பற்கள், ‘நாக்குக் கற்கள்’ போலவே இருந்தன.

அது என்ன நாக்குக் கல்? மால்டா தீவிலும் வேறு பல இடங்களிலும் மண்ணைத் தோண்டினால் கிடைத்த முக்கோண வடிவக் கற்கள் அவை. சந்திரன் தேயும் இரவில் வானத்திலிருந்து விழுகின்றன என்று ரோமானியக் காலத்தில் பிளினி எழுதிவைத்தார். புனித பவுல் சபித்ததால் கல்லாகிப்போன பாம்பு நாக்குகள் என்றார்கள் மால்டாவில். விஷத்தை முறிக்கும் என்று நம்பி அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். படித்தவர்களில் பலர், இந்த மாதிரி உருவங்கள் பாறைக்குள் தாமாகவே வளர்கின்றன என்று நம்பினார்கள்.

இவை சுறாப் பற்கள் என்று முதலில் சொன்னவர் ஸ்டீனோ இல்லை. அவருக்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியர் ஃபாபியோ கொலோனா அதை எழுதிவிட்டார். அப்படியென்றால் ஸ்டீனோ புதிதாக என்ன செய்தார்?

கேள்வியை மாற்றினார்

பல் போலவே இருக்கிறது என்பது ஆதாரமாகாது. பல் என்றே வைத்துக்கொண்டாலும், கடலில் இருந்த சுறாவின் பல் மலையில் உள்ள பாறைக்குள் எப்படிப் போனது? ஸ்டீனோ பிடித்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

1667-ல் வெளியிட்ட நூலில் படிப்படியாக வாதம் வைத்தார். இந்தக் கற்கள் பாறைக்குள் வளர்ந்திருந்தால், மரவேர் மாதிரி பாறையை விரிசல்விட வைத்திருக்கும், தாமும் கோணலாகியிருக்கும். ஆனால் எங்கே தோண்டினாலும் வடிவம் ஒன்றுதான். அப்படியென்றால், பல் உள்ளே வந்தபோது பாறை பாறையாக இல்லை. தண்ணீருக்கடியில் படிந்த சேறாக இருந்திருக்க வேண்டும். சரி, ஒரே இடத்தில் இத்தனை பற்கள் எப்படி? ஒரு சுறாவுக்கே அத்தனை பற்கள் இருக்கின்றன, புதிதாக முளைத்துக்கொண்டும் இருக்கின்றன என்று பதில் சொன்னார். இவ்வளவு சொல்லியும் இவை என் ஊகங்கள் என்றே குறிப்பிட்டார்.

1669-ல் அடுத்த நூல். சேறு அடுக்கடுக்காகப் படியும், கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது. படியும்போது கிடைமட்டமாகப் படியும், பிறகு சாய்ந்திருந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்றார். இன்று எந்தப் புவியியல் மாணவரும் முதலில் படிக்கும் விதிகள் இவைதான். பெரம்பலூர் மாவட்டம் காரை பகுதிப் பாறைகளில் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை இந்த விதிகளே.

அதே நூலில் இன்னொரு சுறா

1667 நூலில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. ஒரு பெண் சுறாவையும் ஸ்டீனோ அறுத்துப் பார்த்தார். அதன் முட்டைகள் உருவாகும் உறுப்பைக் கண்டதும் ஒரு முடிவுக்கு வந்தார். பெண்களின் உடலில் விதைப்பை என்று அதுவரை சொல்லப்பட்டதும் உண்மையில் சினைப்பைதான். பாலூட்டியின் கருமுட்டையை நேரில் பார்க்க அறிவியலுக்கு 1827 வரை ஆனது.

உச்சத்தில் இருந்தபோது விலகல்

1667-லேயே ஸ்டீனோ லூத்தரன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறினார். 1669 நூல், வரப்போகும் ஒரு பெரிய ஆய்வுக்கு முன்னுரையாகத்தான் எழுதப்பட்டது. அந்தப் பெரிய நூல் வரவேயில்லை. 1675-ல் பாதிரியார், 1677-ல் ஆயர். ஹனோவரில் அவரைச் சந்தித்த தத்துவஞானி லைப்னிட்ஸ், இப்படிப்பட்ட ஒருவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டாரே என்று வருந்தினார். ஆயர் மோதிரத்தையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்த ஸ்டீனோ, 1686-ல் ஷ்வெரின் நகரில் 48 வயதில் இறந்தார். 1988-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு ‘அருளாளர்’ பட்டம் அளித்தார்.

இன்று சுறாக்களுக்கு இதனால் என்ன?

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது மட்கிவிடும்; மிஞ்சுவது பெரும்பாலும் பல்லும், தோலில் உள்ள பல் போன்ற நுண்செதில்களும்தான். அதனால் மனிதர்கள் மீன்பிடிக்கத் தொடங்கும் முன் கடலில் எத்தனை சுறாக்கள் இருந்தன என்று தெரிந்துகொள்ள, விஞ்ஞானிகள் மறுபடியும் சேற்றைத்தான் தோண்டுகிறார்கள். பனாமாவின் போக்காஸ் தெல் தோரோ பகுதியில் சுமார் 7,000 ஆண்டுப் பழமையான பவளப்பாறைப் படிவில் கிடைத்த செதில்களை, இன்றைய பவளப்பாறைச் செதில்களோடு ஒப்பிட்டார்கள். 2021-ல் வெளியான முடிவு: அங்கே சுறாக்கள் சுமார் 71% குறைந்திருக்கின்றன.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? நேற்று இருந்ததை மட்டும் வைத்து இன்றைய இழப்பை அளந்தால், இழப்பு சின்னதாகத்தான் தெரியும். பாதுகாப்பு இலக்கும் அதற்கேற்பக் குறைந்துவிடும். இதே 2021-ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழியும் ஆபத்தில் உள்ளன.

ஸ்டீனோ அறுத்தது பெரிய வெள்ளைச் சுறா என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. இன்று மத்தியதரைக் கடலில் அந்த இனம், ஐயூசிஎன் பட்டியலில் அற்றுப்போவதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறது.