பில் வில்சன்

வில்லியம் கிரிஃபித் வில்சன் (நவம்பர் 26, 1895 – ஜனவரி 24, 1971), குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் ஆவார். மற்றவர் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது அமைப்பின் பெயருக்குப் பொருள். அவ்வழக்கப்படி இவர் உறுப்பினரிடையே பில் டபிள்யூ. என்றே அழைக்கப்பட்டார்.

இளமை

வில்சன் ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டோர்செட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறந்த இடம் பாட்டியார் நடத்திய விடுதியில், மதுக்கூடத்தின் பின்புறம் இருந்த அறை. பெற்றோர் பிரிந்தமையால் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். பள்ளியில் விரும்பிய பெண் 1912இல் இறந்தபோது கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். அச்சோர்வு பிற்காலத்திலும், குடியை விட்ட பின்னருங்கூட, இவரைத் தொடர்ந்து வந்தது.

குடிப்பழக்கம்

முதல் உலகப் போரின்போது படை அதிகாரியாக இருந்த வில்சன் 1917இல் விருந்தொன்றில் முதன்முதலாகக் குடித்தார். 1918இல் லோயிஸ் பர்ன்ஹாமை மணந்தார். போருக்குப் பின் நியூ யார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியும் குடியும் சேர்ந்து அனைத்தையும் அழித்தன. புரூக்ளினில் மாமனார் வீட்டில், மனைவியின் ஊதியத்தில் வாழும் நிலை ஏற்பட்டது. டவுன்ஸ் மருத்துவமனையில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். குடி ஒழுக்கக்கேடு அன்று, நோய் என்று அங்கு மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் விளக்கினார். அவ்விளக்கம் மட்டும் இவரைக் காக்கவில்லை.

1934 நவம்பரில் பழைய குடித்தோழர் எபி தாச்சர் வீட்டிற்கு வந்து, ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறித்தவ இயக்கத்தின் வழியாகத் தாம் குடியை நிறுத்தியதைக் கூறினார். மருத்துவர் கூறியும் கேளாதவர், தம்மைப் போன்ற குடிகாரர் ஒருவர் கூறியபோது செவிசாய்த்தார் என்பது கருதத்தக்கது. அடுத்த மாதம் நான்காம் முறையாக மருத்துவமனையில் சேர்ந்த வில்சன், அதன்பின் குடிக்கவில்லை.

அக்ரன் சந்திப்பு

தொடர்ந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் வில்சன் பிற குடிகாரர்களைத் திருத்த முயன்றார். ஒருவரும் திருந்தவில்லை. எனினும் இவர் மட்டும் குடியாமல் இருந்ததை லோயிஸ் சுட்டிக்காட்டினார்.

1935 மே மாதம் தொழில் நிமித்தம் ஒகையோவின் அக்ரன் நகருக்குச் சென்றார். காரியம் தோல்வியுற்றது. மேஃபிளவர் விடுதியின் கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. மீண்டும் குடித்துவிடுவோம் என அஞ்சிய வில்சன், ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்து, தாம் பேசுவதற்கு ஒரு குடிகாரர் தேவை என்று கேட்டார். பல அழைப்புகளுக்குப் பின் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்னும் பெண்மணி இவரை மருத்துவர் ஸ்மித்துடன் சந்திக்கச் செய்தார். கால் மணி நேரமே இருப்பதாகச் சொல்லி வந்த ஸ்மித் பல மணி நேரம் பேசினார். வில்சன் அறிவுரை ஏதும் கூறாது தம் கதையையே கூறியதே அதற்குக் காரணம். ஸ்மித் இறுதியாகக் குடித்ததாகக் கருதப்படும் ஜூன் 10, 1935 அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. அது சில நாட்கள் பிந்தியது என்பாரும் உளர்.

பொருத்தமான கூட்டம்

தொடக்கத்தில் இவர்கள் ஆக்ஸ்போர்டு குழுவின் ஒரு பகுதியாகவே கூடினர். அதன் கடுமையான ஒழுக்க அளவுகோல்கள் குடியை அன்றுதான் விட்டவர்களுக்கு ஒவ்வவில்லை. 1937இல் நியூ யார்க்கினர் தனித்துப் பிரிந்தனர். அக்குழுவின் வழிபாட்டு முறையில் கலந்துகொள்வது கத்தோலிக்கர்க்குச் சிக்கலாக இருந்தமையால், 1939இல் கிளீவ்லாந்தில் தனிக் கூட்டம் தோன்றியது. அதே ஆண்டில் வெளிவந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் நூலில் வில்சன் பன்னிரு படிகளை வகுத்தார். இறைநம்பிக்கையற்ற தோழர்கள் வற்புறுத்தியதால், கடவுளை அவரவர் புரிந்துகொண்டவாறு கொள்ளலாம் என்னும் கருத்து அதில் இடம்பெற்றது. இவ்விட்டுக்கொடுப்பே அமைப்பு பரவியதற்குப் பெரிதும் உதவியது எனலாம்.

தொடக்கக் காலக் குழுக்கள் பல, இன்னார் சேரலாம், இன்னார் சேரலாகாது என விதிகள் வகுத்திருந்தன. அவ்விதிகள் அனைத்தும் ஒருங்கே நடைமுறைக்கு வந்தால் எவருமே உறுப்பினராக இயலாது என்பதை வில்சன் கண்டார். 1946இல் இவர் வெளியிட்டு 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகளின்படி, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினர் தகுதி, கட்டணம் இல்லை, ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது. ஆகவே கூட்டங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. திறந்த கூட்டத்திற்கு எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோர்க்கு மட்டும் உரியது. மகளிர்க்கும் இளைஞர்க்கும் தனிக் கூட்டங்கள் உள்ளன. 1975இல் சிகாகோவில் இறைநம்பிக்கையற்றோர்க்கான கூட்டமும் தொடங்கியது. ஒரு கூட்டம் ஒவ்வாவிடில் புதியவர் வேறொன்றிற்குச் செல்வது வழக்கம்.

இறுதிக்காலம்

வில்சன் குறைகள் அற்றவர் அல்லர். மணவாழ்வில் உண்மையாக நடக்கவில்லை என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1950களில் எல்.எஸ்.டி. மருந்தை உட்கொண்டு பார்த்தது உறுப்பினரிடையே சர்ச்சையானது. 1954இல் யேல் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த மதிப்புறு பட்டத்தை ஏற்க மறுத்தார். 1955இல் அமைப்பின் பொறுப்பை உறுப்பினர் மாநாட்டிடம் ஒப்படைத்தார்.

புகைப்பழக்கத்தை விட இயலாத வில்சன் நுரையீரல் நோயால் துன்புற்றார். இறுதி வாரங்களில் விஸ்கி கேட்டதாகவும், அது தரப்படவில்லை எனவும் செவிலியர் குறிப்புகள் காட்டுகின்றன. தம் 53ஆவது திருமண நாளில் மயாமியில் காலமானார். அதன் பின்னரே செய்தித்தாள்கள் இவரது முழுப்பெயரைப் பொதுமக்களுக்கு அறிவித்தன. உடல் ஈஸ்ட் டோர்செட்டில் அடக்கம் செய்யப்பட்டது.