முதல் கணக்கை எழுதியவர்

திருப்பாச்சூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் நான்கைந்து இளைஞர்கள் வருவது வழக்கம். காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டே அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அவர்கள். பொருளாதாரத்தில் எழும் ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள என்னிடம் வருகிறார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வகுப்பறை அந்தத் திண்ணைதான்.

சென்ற மாதம் அவர்களுள் ஒருவர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தவர் யார் என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்று உடனே விடை சொன்னார். சொன்னவரே அடுத்து ஒரு கேள்வியும் கேட்டார். அவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவர் ஏன் ஓராண்டில் பதவி விலகினார் என்பது அவர் கேள்வி. அதற்கு நான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொது நிதியியல் கற்பித்தவன் நான். புதிய நாடு ஒன்று தன் கருவூலத்தை எவ்வாறு கட்டியெழுப்பியது என்பதை விளக்க ஆண்டுதோறும் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனைத்தான் எடுத்துக்காட்டினேன். கோயம்புத்தூரில் பிறந்து, அதே பணியை நம் நாட்டில் செய்த தமிழரை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

ஹாமில்டனின் கதை சுருக்கமானது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட 13 குடியேற்ற நாடுகளும் வெற்றி பெற்றபோது அவற்றின் பொது அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. போர்க்காலத்தில் அச்சிட்ட தாள் பணம் மதிப்பிழந்தது. சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம் பெற்ற போர்வீரர்கள் பலர் அதை அடிமாட்டு விலைக்கு விற்றனர். வரிச்சுமை தாளாத மாசசூசெட்ஸ் உழவர்கள் 1786-இல் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின்னரே 1787-இல் பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசமைப்பை வகுத்தார்கள். 1789-இல் நிதிப் பொறுப்பேற்ற ஹாமில்டன், பழைய கடன்களை முழு மதிப்பில் புதிய அரசு ஏற்கும் என்றார். மாநிலங்களின் போர்க் கடனையும் ஏற்க வைத்தார். வாங்கிய கடனைத் திருப்பித் தராத அரசை உலகம் அரசாக மதிக்காது என்பது அவர் கொள்கை.

இனி நம்மவருக்கு வருவோம். சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17 அன்று பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். கோவை நகராட்சியில் தொடங்கிய பொதுவாழ்வு, 1920-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கும் பின்னர் தில்லியின் மத்திய சட்டசபைக்கும் அவரை அழைத்துச் சென்றது. சுயராஜ்யக் கட்சியில் இருந்திருக்கிறார், நீதிக்கட்சியினரோடும் நெருங்கியிருக்கிறார். 1933-இல் மத்திய சட்டசபையின் தலைவரானார்.

அவருடைய வாழ்வில் முதற்சறுக்கல் விரைவிலேயே நேர்ந்தது. 1932-இல் ஒட்டாவாவில் நடைபெற்ற பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட குழுவில் அவரும் ஒருவர். பிரிட்டிஷ் சரக்குகளுக்கு இறக்குமதித் தீர்வையில் சலுகை அளித்த அந்த ஒப்பந்தத்தை அவர் ஆதரித்தார். நாடெங்கும் அந்நியத் துணி எதிர்ப்பு நிலவிய காலம் அது. 1934 தேர்தலில் காங்கிரஸ் நிறுத்திய சாமி வேங்கடாசலம் செட்டியாரிடம் அவர் தோற்றார். அவைத் தலைவராக அமர்ந்திருந்தவர் அந்த அவையில் உறுப்பினராகவும் தொடர இயலாமற் போயிற்று.

அடுத்த ஆண்டே கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்று 1941 வரை அங்கிருந்தார். கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சியில் அவர் காட்டிய அக்கறையை அந்நகரம் மறக்கவில்லை. எர்ணாகுளத்தின் நீர்க்கரையை ஒட்டிய சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. துறைமுகத்தை அறிந்தவர்கள்கூட அறியாத இன்னொரு செய்தி உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் சில துறைகளை ஒப்படைக்கும் ஆட்சிமுறை, சமஸ்தானங்களுள் முதன்முதலாகக் கொச்சியில் 1938-இல் நடைமுறைக்கு வந்தது அவர் திவானாக இருந்தபோதுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1944-இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழு உறுப்பினராக அமர்ந்தார். உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் கருக்கொண்ட அந்த மாநாட்டில் இந்தியக் குழு எழுப்பிய முதன்மையான கேள்வி, பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய கடனைப் பற்றியது. போருக்காக நம்மிடம் பெற்ற பொருள்களுக்கும் சேவைகளுக்கும் பிரிட்டன் ரொக்கம் தரவில்லை. லண்டனில் கணக்கில் மட்டும் வரவு வைத்தது. 1946-இல் அத்தொகை ஏறத்தாழ 1,700 கோடி ரூபாயை எட்டியது. இங்கே வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது அங்கே வளர்ந்த கணக்கு அது. பிரெட்டன்வுட்ஸில் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இரு நாடுகளும் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டியது என ஒதுக்கப்பட்டது.

1947 ஆகஸ்ட் 15 அன்று நேருவின் அமைச்சரவையில் சண்முகம் செட்டியார் நிதியமைச்சரானார். காங்கிரஸை எதிர்த்துத் தோற்றவர், பிரிட்டிஷ் அரசிடம் சர் பட்டம் பெற்றவர், சிறை செல்லாதவர். அவரிடம் கருவூலச் சாவியைக் கொடுத்தது எளிதான முடிவன்று. அம்பேத்கரும் சியாம பிரசாத் முகர்ஜியும் அதே அமைச்சரவையில் இடம்பெற்றதை நினைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். போராடிப் பெற்ற விடுதலை ஒரு கட்சிக்கு உரியதன்று, நாட்டுக்கு உரியது என்ற எண்ணம் அதில் இருந்தது. இதில் காந்தியடிகளின் அறிவுரைக்கும் பங்குண்டு என்று எழுதியோர் பலர்.

1947 நவம்பர் 26. அரசமைப்பை எழுதிக்கொண்டிருந்த அதே அவை, சட்டமன்றமாகவும் கூடிய நாள்களில் ஒன்று. அன்று சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை முன்வைத்தார். அது ஆகஸ்ட் 15 தொடங்கி மார்ச் 31 வரையிலான ஏழரை மாதக் கணக்கு. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. செலவில் ஏறத்தாழப் பாதி, அதாவது 92.74 கோடி, பாதுகாப்புக்கே போயிற்று. பஞ்சாபிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் வந்துகொண்டிருந்தனர். காஷ்மீரில் சண்டை தொடங்கியிருந்தது. உணவு தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டியிருந்தது.

துண்டு விழுந்த தொகை 26.24 கோடி. அதை ஈடுகட்ட அவர் முன்மொழிந்த ஒரே புதிய வரி, ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் தீர்வை. அதனால் கிடைக்கக்கூடியது 1.65 கோடி, எஞ்சிய பற்றாக்குறை 24.59 கோடி. தொகை சிறிது. ஆயினும் பருத்தி ஆலைகளால் வாழும் கோவையின் மைந்தர், தாம் எழுதிய முதற்கணக்கில் பருத்திமீதே வரி போட்டார் என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

அடுத்த சோதனை நாட்டுப் பிரிவினையின் கணக்கு. ஒரே குடும்பம் பாகம் பிரிவதுபோல அலுவலக மேசைமுதல் இருப்புத் தொகைவரை பிரிக்கவேண்டியிருந்தது. பிரிக்கப்படாத இந்தியாவின் பொதுக்கடனைக் கடன் கொடுத்தவர்களுக்கு இந்தியாவே செலுத்தும். பாகிஸ்தான் தன் பங்கைப் பின்னர் இந்தியாவுக்குத் தவணையில் தரும் என்று உடன்பாடு ஏற்பட்டது. கடன் பத்திரம் வைத்திருந்த எவரும் யாரிடம் கேட்பது என்று அலையவில்லை. ஹாமில்டன் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

ரொக்க இருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய். அதில் 20 கோடி முன்னரே வழங்கப்பட்டது. எஞ்சிய 55 கோடியைக் காஷ்மீர்ச் சண்டையைக் காரணம் காட்டி இந்திய அமைச்சரவை நிறுத்திவைத்தது. நிதியமைச்சர் என்ற முறையில் சண்முகம் செட்டியாரும் அம்முடிவில் பங்குடையவரே. 1948 ஜனவரி 13 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். ஜனவரி 15 அன்று பணத்தை விடுவிக்க அமைச்சரவை முடிவு செய்தது. எதிர்த்துப் போரிடும் நாட்டுக்குப் பணம் கொடுப்பதா என்று அன்று கொதித்தவர்கள் பலர். இன்றும் கேட்பவர்கள் உண்டு. வகுப்பிலும் அந்தக் கேள்வி எழுந்ததுண்டு. கையெழுத்திட்ட கடனுக்குக் கோபம் விலக்காகாது என்பதே என் விடை. ஐந்து மாதக் குழந்தையாக இருந்த அரசு, தன் கையெழுத்துக்கு மதிப்புண்டு என்பதைப் பெரும் விலை கொடுத்து மெய்ப்பித்தது.

அந்த ஓராண்டில் அவர் தொட்ட வேலைகள் இன்னும் பல. ரிசர்வ் வங்கியை நாட்டுடைமையாக்கும் முடிவு அவர் காலத்தில் அறிவிக்கப்பட்டு, 1949 ஜனவரி 1 முதல் செயலுக்கு வந்தது. தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தரும் இந்தியத் தொழில் நிதிக் கழகம் 1948 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணம் அதே நோக்கில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். எங்கள் பகுதியில் சிறுபட்டறை வைத்திருப்பவர் இயந்திரம் வாங்கக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, வட்டிக்கடைக்கு வெளியே ஒரு வழி திறந்தது அக்காலத்தில்தான் என்பதை அறிந்திருக்கமாட்டார். 1948-இன் கோடையில் லண்டன் சென்ற இந்தியக் குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். பிரெட்டன்வுட்ஸில் தட்டிக்கழிக்கப்பட்ட பிரிட்டிஷ் கடன் பாக்கி குறித்து அங்கே உடன்பாடு ஏற்பட்டது. நாம் கேட்ட அளவு கிடைக்கவில்லை. எனினும், பிரிட்டன் கைவிட்டுவிடும் என்று அஞ்சிய கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது.

லண்டனிலிருந்து திரும்பிய சில வாரங்களிலேயே அவருடைய பதவி போயிற்று. போர்க்காலத்தில் கொழுத்த ஆதாயம் கண்டு வருமான வரி ஏய்த்தவர்களை விசாரிக்க 1947-இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இடைக்கால அரசில் நிதிப் பொறுப்பு வகித்த லியாகத் அலிகான் கொண்டுவந்த ஏற்பாடு அது. அந்த ஆணையத்துக்கு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து சிலருடைய பெயர்கள் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டன. செல்வாக்குள்ளோரைக் காப்பாற்றும் முயற்சியோ என்ற ஐயம் அவையில் எழுந்தது. அமைச்சகத்தில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று ஏற்று, 1948 ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் விலகினார். ஜான் மத்தாய் அப்பொறுப்புக்கு வந்தார்.

இளைஞர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். ஆனால், அதை எப்படி எடைபோடுவது? அவரைக் குற்றமற்றவர் என்று வாதாடுவது என் நோக்கமன்று. பட்டியலில் பெயர் நீங்கியது தவறான செயல். அந்தத் தவறு அவர் ஆளுகையின்கீழ் நடந்தது. பருத்திமீது வரி போட்ட அதே அமைச்சரின் காலத்தில்தான் வரி ஏய்ப்போர் பட்டியலும் குறைந்தது. இரண்டையும் ஒருசேரச் சொல்லாத வரலாறு முழு வரலாறாகாது.

ஹாமில்டனும் இத்தகைய ஐயத்துக்கு ஆளானவரே. 1793-இல் அவருடைய கணக்குகளை அமெரிக்கக் காங்கிரஸ் துருவியது. அவரைக் கண்டிக்கும் தீர்மானங்கள் தோற்றன. அவர் பதவியில் நீடித்தார். நம்மவர் விலகினார். இரண்டிலும் பொதுவான ஒன்றுண்டு. புதிதாகப் பிறந்த அரசின் கருவூலக் காவலரைப் பார்த்துக் கணக்குக் காட்டு என்று மக்கள் மன்றம் கேட்டது. அவர் அதற்குக் கட்டுப்பட்டார். கொடியும் நாட்டுப்பண்ணும் ஒரே இரவில் வந்துவிடும். இந்தப் பழக்கம் ஒருமுறை செய்துகாட்டப்பட்டால்தான் வரும்.

பதவி போன பின்னும் அவர் சோர்ந்துவிடவில்லை. முன்னரே தமிழிசை இயக்கத்தின் தூண்களுள் ஒருவராக விளங்கியவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1953 மே 5 அன்று, 61 வயது நிறையுமுன் மறைந்தார்.

அன்று 197 கோடியாக இருந்த மத்திய அரசின் செலவுக் கணக்கு இன்று பல இலட்சம் கோடிகளில் எழுதப்படுகிறது. பிப்ரவரி முதல் நாளன்று எது விலை குறையும், எது கூடும் என்பதோடு நம் ஆர்வம் அடங்கிவிடுகிறது. அரசு யாருக்குத் தந்த வாக்கை நிறைவேற்றியது, யார் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது என்று கேட்பவர் குறைவு. 1948-இல் அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதற்காக ஓர் அமைச்சர் பதவி விலகினார்.

திண்ணைக்கு வரும் இளைஞரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். தேர்வுக்கு இதில் ஒரு மதிப்பெண்தான் கிடைக்கும் என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் வந்தபோது, அந்த முதல் நிதிநிலை அறிக்கையின் உரையைக் கைப்பேசியில் தேடி எடுத்துப் பாதி படித்திருந்தார். மீதியை இருவரும் சேர்ந்து படித்தோம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).