சிவப்புத் தொப்பிக்குப் பின்னால்: ஜாக் கூஸ்தோவும் அவர் பெயரால் நின்ற அமைப்பும்

ஒரு தந்தை தன் மகன் மீது வழக்குத் தொடுத்தார். காணிக்காக அல்ல, குடும்பப் பெயருக்காக. பிஜித் தீவில் மகன் தொடர்புபட்டிருந்த சுற்றுலா விடுதியொன்றுக்கு ‘கூஸ்தோ’ என்ற பெயரை வைத்ததைத் தந்தை எதிர்த்தார். 1990களின் நடுப்பகுதியில் நடந்த அந்த வழக்கின் முடிவில், மகன் தன் முதற்பெயரையும் சேர்த்தே விடுதிக்குப் பெயரிட வேண்டியதாயிற்று. தந்தைக்கு அப்போது 85 வயதளவில் இருக்கும்.

அந்தத் தந்தைதான் ஜாக் இவ் கூஸ்தோ. ஒல்லியான உடல், தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி, பின்னால் ‘கலிப்சோ’ என்ற வெள்ளைக் கப்பல். இருபதாம் நூற்றாண்டில் கடல் என்றதும் உலகில் பலருக்கு நினைவில் வந்த முகம் அது. ஊடகக் கற்கை படித்த காலத்தில் எனக்கு அவரை ஆவணப்பட இயக்குநராகவே அறிமுகம் செய்தார்கள். கடல் பாதுகாப்பு அமைப்புகளை யார் நடத்துகிறார்கள், தலைவருக்குப் பின் அவை என்னவாகின்றன என்று தேடத் தொடங்கிய பிறகே அவரை ஓர் அமைப்பின் தலைவராகப் பார்த்தேன்.

கூஸ்தோ 1910 யூன் 11 அன்று பிரான்சின் போர்தோ நகருக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றில் பிறந்தார். கடற்படையில் சேர்ந்த அவருக்கு விமானியாகும் ஆசை இருந்தது. 1936இல் நடந்த கார் விபத்தில் இரு கைகளும் கடுமையாகக் காயப்பட்டதால் அந்த ஆசை முடிந்துபோனது. கைகளுக்கு வலுவேற்றக் கடலில் நீந்திய நாட்களில், நண்பர் ஒருவர் கொடுத்த கண்ணாடியை அணிந்து நீருக்குள் பார்த்தார். அதன் பிறகு அவருடைய கவனம் மேலே வானத்துக்குத் திரும்பவில்லை.

1943இல் பிரான்ஸ் ஜேர்மனியப் பிடியில் இருந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டால் கார்களை வாயுவில் ஓட்டுவதற்கான வால்வு ஒன்றை எமில் கன்யான் என்ற பொறியியலாளர் வடிவமைத்திருந்தார். அதே வால்வை மாற்றியமைத்தால் சுழியோடி மூச்சிழுக்கும்போது மட்டும் காற்று வரச் செய்யலாம் என்று இருவரும் கண்டனர். அதுவரை ஆழ்கடலில் வேலை செய்தவர்கள் பாரமான தலைக்கவசத்தோடும் மேலிருந்து வரும் குழாயோடும் கட்டுண்டிருந்தார்கள். முதுகில் காற்று உருளையைச் சுமந்து மீனைப் போலத் திரியும் வழி இப்போது திறந்தது.

அந்த வழி நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. சுழியோடுவதற்காகவே இலங்கைக்கு வந்த ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் திருகோணமலை சுவாமி மலையின் அடிவாரக் கடலில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் தூண்களைக் கண்டார்கள்.

அதே 1956இல் கூஸ்தோவின் ‘மௌன உலகம்’ திரைப்படம் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. பின்னர் ஒஸ்காரும் கிடைத்தது. லூயி மால் அதன் இணை இயக்குநர். அந்தப் படத்தை இன்று பார்க்க மனம் திடமாக இருக்க வேண்டும். மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். செத்து மிதக்கும் மீன்களை வாரி எடுத்து மணலில் அடுக்குகிறார்கள். கப்பலில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை ஆத்திரத்தோடு வெட்டிச் சாய்க்கிறார்கள். டைனமைட் வெடியால் பார் சிதைவது எப்படி இருக்கும் என்று நம் கடற்றொழிலாளரிடம் கேட்டால் தெரியும். அந்த வேலையைக் கலிப்சோக் குழு அறிவியலின் பெயரால் கமராவின் முன் செய்தது.

அவருடைய பயணங்களுக்கான பணமும் அப்பழுக்கற்றதல்ல. கலிப்சோவை ஒரு பிரித்தானியச் செல்வந்தர் ஆண்டுக்கு ஒரு பிராங் என்ற பெயரளவு வாடகைக்குக் கொடுத்திருந்தார். ஓட்டும் செலவுக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. 1954இல் அபுதாபிக் கடலடியில் எண்ணெய் தேடும் நிறுவனத்துக்காகக் கலிப்சோ ஆய்வு செய்தது. 1960களில் மனிதரைக் கடலடியில் குடியமர்த்திப் பார்த்த அவரது பரிசோதனைகளுக்கும் எண்ணெய்த் தொழிலின் பணம் உதவியது.

அப்படிப்பட்டவரை மாற்றியது, அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதுதான் என்று நான் நினைக்கிறேன். இளவயதில் மீன்கூட்டங்களைக் கண்ட மத்தியதரைக் கடற்பகுதிகள் வெறிச்சோடிப் போனதை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். 1960இல் பிரான்சின் அணுசக்தி ஆணைக்குழு கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டபோது, மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த அவர் வெளிப்படையாக எதிர்த்தார். மக்கள் எதிர்ப்பு வலுத்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

1968இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அவரை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனது. அந்தப் புகழை மூலதனமாக்கி 1973இல் கூஸ்தோ சங்கத்தை அமெரிக்காவில் தொடங்கினார். அது உறுப்பினர் சந்தாவில் நடந்த இலாப நோக்கற்ற அமைப்பு. இலட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். எண்ணெய்க் கம்பனியிடம் போகாமல் கப்பலை ஓட்ட அவருக்குக் கிடைத்த வழியும் அதுதான். ஆனால், சந்தா கட்டியவர்களில் பெரும்பாலானோர் ஒரு கொள்கைத் திட்டத்தை வாசித்துவிட்டுச் சேரவில்லை. சிவப்புத் தொப்பிக்காரரை நம்பிச் சேர்ந்தார்கள்.

வாரிசு யார் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது. இளைய மகன் பிலிப் படமெடுப்பார், விமானம் ஓட்டுவார், தந்தையைப் போலவே கமராவின் முன் நிற்பார். 1979 யூன் 28 அன்று லிஸ்பனில், பிலிப் ஓட்டிய கடல்விமானம் தாகுஸ் ஆற்றில் நொறுங்கியது. அவருக்கு வயது 38. கட்டடக் கலைஞரான மூத்த மகன் ழான் மிஷெல் தந்தைக்குத் துணையாக வந்து, அமைப்பின் நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் தாங்கினார்.

இந்தக் காலத்தில்தான் கூஸ்தோ தன் வாழ்வின் மிகப் பெரிய வெற்றியைக் கண்டார். அந்தாட்டிக்காவில் கனிமம் அகழ வழிவிடும் உடன்படிக்கை ஒன்று 1988இல் தயாராகியிருந்தது. அதை எதிர்த்து அவர் கையெழுத்து வேட்டை நடத்தினார். அரசுத் தலைவர்களைச் சந்தித்தார். பிரான்சும் அவுஸ்திரேலியாவும் பின்வாங்கியதும் அந்த உடன்படிக்கை செத்தது. அதன் இடத்தில் 1991இல் மட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் அங்கே கனிம அகழ்வைத் தடை செய்தது. அந்தத் தடை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

வீட்டுக்குள் நிலைமை வேறு. முதல் மனைவி சிமோன் 1990இல் இறந்தார். கலிப்சோவில் கணவரை விட அதிக காலம் வாழ்ந்தவர் அவர் என்று சொல்வார்கள். கமராவுக்கு முன் வர மறுத்தவர். அடுத்த ஆண்டே கூஸ்தோ பிரான்சின் திரிப்லேயை மணந்தார். அவர்களுக்கு ஏற்கெனவே இரு பிள்ளைகள் இருந்தார்கள். அமைப்பின் பொறுப்புகள் பிரான்சின் பக்கம் நகர, ழான் மிஷெல் விலகினார். விடுதிப் பெயர் வழக்கு அதற்குப் பின் வந்தது. 1996 ஜனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பாரப்படகு ஒன்று மோதிக் கலிப்சோ மூழ்கியது. 1997 யூன் 25 அன்று, 87ஆவது வயதில், கூஸ்தோ பரிஸில் காலமானார்.

பிரான்சின் தலைவரானார். ழான் மிஷெல் 1999இல் வேறொரு கடல் அமைப்பைத் தொடங்கினார். மீட்டெடுத்த கலிப்சோ யாருக்குச் சொந்தம், யார் திருத்துவது என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி. பிரான்சின் கரையோரத்தில் அது துருவும் உளுத்த மரமுமாகக் கிடந்தது.

நம் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தனிமனிதரின் பெயராலும் தொடர்புகளாலும் நிற்கும் அமைப்புகள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி எழுதப் போகும் இடங்களில், அவருக்குப் பிறகு யார் என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதிலாக வரும். ஒரு முகம் இல்லாமல் மக்களைச் சேர்ப்பது கடினம். கூஸ்தோவின் முகம் இல்லாமல் அந்தாட்டிக்காவுக்காக அத்தனை கையெழுத்துகள் விழுந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால், அந்த வெற்றி நிலைத்தது அவர் பெயரால் அல்ல. அது பல நாடுகள் ஒப்பமிட்ட சட்டமாக மாறியது. அவர் இறந்த பிறகு, 1998 ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதைக் காக்க எந்த வாரிசும் தேவைப்படவில்லை.